விநாசித்தம்பி சூடாக்கிய ஐந்து ஸ்கோன்கள்

பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பார்சல் குமாஸ்தாவாக இருந்த விநாசித்தம்பி, தன் வாழ்நாளில் ஒரே ஒரு திருட்டுத்தான் செய்தார். அதுவும் தன் சொந்த வீட்டில், தன் சொந்த ஐஸ்பெட்டியிலிருந்து. கூட்டாளி நான். ஆகவே அதை எழுதும் உரிமையும் எனக்குத்தான்.

எதிர்க்கரைத் தீவில், புலாவ் திக்குஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி இருந்தது. விநாசித்தம்பியின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். இவர் தைப்பிங்கில் பிறந்தார். கால்சட்டை மடிப்பில் பென்சில் சீவலாம், அப்படி ஒரு கூர்மை. காலையில் சைக்கிளில் துறைக்குப் போய், ஃபெரிக் கப்பலில் அக்கரைக்குப் போவார். ஒரு நாள் செருப்பு வார் அறுந்து இரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டது. பார்சல் குமாஸ்தா ஏறாமல் கப்பலை எடுக்க மாட்டேன் என்று கப்பல்காரன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றானாம். நம்புகிறவர்கள் நம்பலாம். மாலை மெயில் வண்டி வந்து, மூட்டையெல்லாம் இறங்கி, கையெழுத்தெல்லாம் முடிந்து அவர் வீடு சேர ஏழு மணி ஆகும். முப்பத்தோரு வருடமும் அதே ஏழு மணி.

அவர் மனைவி கமலாம்பிகையும் நானும் கான்வென்டில் ஒரே பெஞ்சு. அவள் சைவம், நான் கத்தோலிக்கம், பின்னாளில் பள்ளிக்கூட டீச்சர். ஐரிஷ்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் எங்களுக்கு ஸ்கோன் என்கிற குட்டி வெள்ளைக்கார ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார். வெண்ணெயை விரல் நுனியால்தான் மாவில் உதிர்க்க வேண்டும், உள்ளங்கை பட்டால் அவர் கையிலிருக்கும் மரக்கரண்டி நம் முட்டியில் படும். என் ஸ்கோன் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு எழும்பும். கமலத்தினுடையது நேராக எழும்பி, இடுப்பில் ஒரு வெடிப்போடு நிற்கும். கல்யாணமான பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஸ்கோன் சுட்டாள். நாலு மணிக்கு அந்த வாசனை கிளம்பினால், பஸ்ஸில் வருகிறவர்கள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவார்கள்.

விநாசித்தம்பி வேலையில் யாரோடும் வீட்டுப் பேச்சுப் பேசாதவர். ஆனால் ஸ்கோன் விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் நீளம். "கிளப்பில வெள்ளைக்காரனுக்கு வைக்கிறது காலம்பறச் சுட்டது. எனக்கு ஒவ்வொரு வெள்ளியும் அடுப்பில இருந்து எடுத்த கையோட" என்பார். ஸ்டேஷன் மாஸ்டர்கூட அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

1987 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை கமலம் பன்னிரண்டு ஸ்கோன் சுட்டாள். ஏழு தீர்ந்தது. மிச்சம் ஐந்தையும் பிஸ்கட் டின்னில் போட்டு, ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் உறையவைத்தாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். டாக்டர் வந்து இருதயம் என்றார். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. விநாசித்தம்பி ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அன்றுதான் அவர் தலை கலைந்திருந்ததைப் பார்த்தேன்.

பத்து லன்சாங்கில் தகனம் முடிந்து ஆண்கள் திரும்பிய அன்று மாலை, நான் வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுச் சமையலறையில் கமலத்தின் தங்கை கனகேஸ்வரியின் குரல் கேட்டது. நிபோங் திபாலில் பள்ளிக்கூடம் நடத்துகிற குரல் அது, சுவரைத் தாண்டும்.

"அத்தான், துடக்கு வீடு இது. சாவுக்கு முந்திச் சமைச்சது ஒண்டும் இருக்கக்கூடாது. தண்ணிகூட வைக்கக்கூடாது. எல்லாத்தையும் கொட்டுறன்."

"கொட்டு" என்றார் அவர்.

சட்டி கவிழும் சத்தம். பிறகு பின்கதவு மெல்லத் திறந்தது. விநாசித்தம்பி ஈர வேட்டியோடு வேலிக்கு வந்தார். சால்வைக்குள்ளிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துச் செம்பருத்திக்கு மேலாக நீட்டினார். டின்னில் பனி பூத்திருந்தது.

"டீச்சர், இதை உங்கட ஐஸ்பெட்டியில வையுங்கோ. கனகேசுக்குத் தெரிய வேண்டாம்."

"என்னண்ணே இது?"

"அவ சுட்டது. அஞ்சு இருக்கு."

கத்தோலிக்க வீட்டுக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, இல்லை என்று எந்தச் சாஸ்திரத்தில் பார்த்தாரோ தெரியாது. ஆடி அமாவாசை முதல் கந்தசஷ்டி வரை ஒரு விரதத்தையும் பிசகாத மனுஷர். நான் வாங்கிக்கொண்டேன். என் ஐஸ்பெட்டியிலோ கெம்போங் மீனும் இறாலும் அடைந்து கிடந்தன. அந்த வாடை கமலத்தின் ஸ்கோனில் ஏறக்கூடாது என்று அன்றே எல்லா மீனையும் வெளியே எடுத்துக் குழம்பு வைத்தேன். மூன்று நாள் எங்கள் தெருவில் பூனைகள்கூட மீனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். கனகேஸ்வரி கையில் கரண்டியோடு கேட்டாள்: "அக்காவுக்கு என்ன விருப்பம் அத்தான்?"

அவர் யோசித்தார். "கத்தரிக்காய்ப் பால்கறி" என்றார்.

"அது உங்கட விருப்பம்."

"உளுந்து வடை."

"அதுவும் உங்கடதான்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருடச் சிநேகிதி நான், எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவளுக்குப் படைத்தார்கள். பெர்த்திலிருந்து வந்திருந்த மகன் விழுந்து கும்பிட்டான். அடுத்த நாள் அவன் விமானம் ஏறினான், முப்பத்தோராம் நாள் காரியத்துக்குத் திரும்பி வருவதாகச் சொல்லி. கனகேஸ்வரியும் சனி ஞாயிறு வருகிறேன் என்று நிபோங் திபாலுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே அவர் வேலிக்கு வந்தார்.

"டீச்சர், ஒண்டு தாங்கோ."

"சூடாக்கத் தெரியுமாண்ணே?"

"இதென்ன கேள்வி. பழைய பிட்டை அவ எப்படிச் சூடாக்குவா எண்டு எத்தனை தரம் பார்த்திருக்கிறன்."

பார்த்ததை அப்படியே செய்தார். பனையோலையில் கூம்பாகப் பின்னிய நீத்துப்பெட்டியில் ஸ்கோனை வைத்து, பானைமேல் ஏற்றி, ஆவியில் கால் மணி நேரம் வேகவிட்டார். பிட்டு பிழைக்கும். ஸ்கோன் பிழைக்குமா? மறுநாள் கேட்டேன்.

"கரண்டியால சாப்பிட்டன் டீச்சர்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வேலியில் ஒரு செம்பருத்தியைக் கிள்ளிக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு தரம் போதும். அவ எடுத்துவைக்கிற மாதிரி, அந்த ருசியில ஒரு தரம். பிறகு நான் கேக்க மாட்டன். இனி நாலுதானே இருக்கு" என்றார்.

இரண்டாவதைத் தோசைக்கல்லில் போட்டார். வெளியே கரி, உள்ளே ஐஸ். திருப்பும்போது கைதவறிக் கீழே விழுந்து தரையில் பதித்த ஓடு ஒன்றின் மூலை உடைந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டில் அந்த மூலையைப் பார்க்கலாம். அதையும் அவர் எறியவில்லை. தேத்தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார்.

"போதும்லா அண்ணே. இனி நானே பண்றேன்" என்றேன்.

மூன்றாவதை ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்துக் குளிரடங்க வைத்தேன். விரலைத் தண்ணீரில் தோய்த்து ஸ்கோனின் தலையைத் தடவினேன். குழந்தைக்கு எண்ணெய் தொட்டு வைப்போமே, அவ்வளவு ஈரம். வெள்ளித்தாளில் தளரச் சுற்றி, மிதமான ஓவனில் பத்து நிமிடம். பிறகு தாளைப் பிரித்துவிட்டு இரண்டு நிமிடம், மேல் ஓடு மொறுமொறுக்க. கமலத்தின் வாசனை என் சமையலறையில் நின்றது. 

"இங்கேயே சாப்பிடுங்கண்ணே."

"இல்லை டீச்சர், வீட்டிலதான் சாப்பிட வேணும்." தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

மறுநாள் "நல்லா இருந்தது" என்றார். அந்தக் குரலை வைத்து யாரும் ஏமாற முடியாது.

"உங்களுக்குப் பொய் வராதுண்ணே. விட்டுடுங்க."

"பழைய ரொட்டி மாதிரி இருந்தது டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. மனையியலில் கான்வென்ட் பரிசு வாங்கியவள் நான், பரிசுப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. நாலாவதை அவர் வீட்டிலேயே, கமலத்தின் ஓவனிலேயே செய்வேன், என் கண்முன்னால் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

செய்தேன். தட்டில் எடுத்துவைத்தபோது ஆவி பறந்தது. விநாசித்தம்பி தட்டை வாங்கினார். கூடத்துக்குப் போனார். மாலை போட்ட கமலத்தின் படத்துக்கு முன்னால் வைத்தார். திரியைத் தூண்டினார், கற்பூரம் ஏற்றினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாட ஆரம்பித்தார். ஒரு பாட்டு இல்லை, பதிகம் முழுக்க. நல்ல குரல்தான், அவசரமில்லாத குரல். நான் சமையலறை வாசலில் நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு நிமிடம். விபூதி பூசி, விழுந்து கும்பிட்டு, எழுந்து தட்டை எடுத்துவந்து மேசையில் உட்கார்ந்து ஸ்கோனைக் கடித்தார். கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"பாருங்கோ டீச்சர்."

ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன். பழைய ரொட்டிதான்.

"அடக் கடவுளே! ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

"படைக்காம எப்படிச் சாப்பிடுறது? முப்பத்தொண்டு முடியேல்லையே."

"அண்ணே, திரும்பச் சூடாக்கின ஸ்கோனுக்கு அஞ்சு நிமிஷம்தான் உயிர். அதுக்குள்ள வாயில போடணும். விட்டா முன்னை விட மோசமா இறுகிடும். கமலம் வச்சா உடனே சாப்பிடுவீங்கல்ல, அந்த மாதிரி."

"அது வேற. அது புதுசா அடுப்பில இருந்து..."

அங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு ரகசியம் கைக்குள் இருந்தால் எனக்கு விரல் அரிக்கும்.

"நாலு மணிக்குச் சுட்டு எடுத்ததை ஏழு மணிக்கு வர்ற மனுஷன் எப்படிண்ணே புதுசா சாப்பிட முடியும்? நீங்க ஒரு நாளும் புதுசு சாப்பிட்டதில்ல. அவ தண்ணி தொட்டுத் தடவி, தாளில சுத்தித் தயாரா வச்சிருப்பா. ஆறே முக்காலுக்கு உள்ள வைப்பா. முனைக் கடைகிட்ட உங்க சைக்கிள் மணி அடிக்கும் பாருங்க, அப்போ தாளைப் பிரிப்பா. நீங்க கால் கழுவித் துடைக்க ரெண்டு நிமிஷம். உட்காரும்போது தட்டு வந்திடும். ஓய்வு வாங்கின பிறகும் ஏழு மணிக்குத்தான் கேட்பீங்க, பழக்கம். அவளும் அப்படியே செஞ்சா. 'அவருக்குச் சொல்லிடாதே சவுந்தரம், புதுசுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டார்' அப்படின்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினா."

ஒரு பெரிய வித்தையை அவிழ்த்துக் காட்டிவிட்ட பெருமையோடு நின்றேன். இப்போது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். வித்தை தெரிந்துவிட்டது, மிச்சம் ஒன்று இருக்கிறது, நினைத்த ருசி கிடைத்துவிடும்.

விநாசித்தம்பி கையிலிருந்த கடித்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ எப்ப சாப்பிடுவா?" என்றார்.

"நீங்க எழுந்து போன பிறகுதான். பாத்திரம் ஒதுக்கிட்டு, அங்க, தொட்டிகிட்ட நின்னபடியே."

"ஆறியிருக்குமே."

நான் மேசைத் துணியை இழுத்து நேராக்கினேன்.

"இப்படித்தான் இருந்திருக்குமோ?" துண்டை என் பக்கம் நீட்டினார். பிறகு அவசரமாக, ஏதோ பிடி கிடைத்ததுபோல, "நாலு மணிக்குச் சாப்பிட்டிருப்பா, என்ன டீச்சர்? சுட்ட உடனே? நீங்கள் எல்லாம் சாப்பிடேக்கை?"

கப்பலை நிறுத்திவைத்த கதையெல்லாம் சொல்லுகிற வாய் என்னுடையது. அன்றைக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் அந்த நாலு மணி என் கண்முன்னால் நின்றது. மேசையில் நான், என் பிள்ளைகள், அவள் மகன். நான் வெண்ணெய் தடவி மூன்று தின்பேன். 'நீ உட்காரேன்டி' என்பேன். அவள் அடுத்த தட்டை ஓவனிலிருந்து இழுத்துக்கொண்டே, "அவர் வரட்டும்" என்பாள். வெள்ளிக்கிழமைதோறும் அதே பதில். நான் இரண்டாவது தடவை அழைத்ததாக ஞாபகம் இல்லை.

"நீங்க வரட்டும்னு இருப்பாண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்த இறுகின ஸ்கோனை மெல்ல மென்று முழுவதும் தின்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வேலிக்கு வரவில்லை. ஐந்தாவது ஸ்கோன் என் ஐஸ்பெட்டியில் தனியாகக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. ஐயர் வந்தார், மகன் வந்தான், பிண்டத்தைக் கடலில் கரைத்தார்கள், பந்தி போட்டார்கள். வீடு கழுவித் துடக்குக் கழிந்தது. அடுத்த நாள் மதியம் மகன் பெர்த்துக்குக் கிளம்பினான். கனகேஸ்வரியும் அண்டாக்களோடு வாடகைக் காரில் ஏறினாள். மாலை ஆறரைக்கு விநாசித்தம்பி வேலியருகே நின்றார். தலை வாரி, மடிப்புக் கலையாத கால்சட்டை போட்டிருந்தார்.

"கடைசி ஒண்டு இருக்கெல்லோ டீச்சர். நீங்களே வந்து சூடாக்கித் தாங்கோ."

"தர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. துடக்கு முடிஞ்சுது, படையல் முடிஞ்சுது. இனி தேவாரம் பாடினா நான் ஓவனை அணைச்சிட்டுப் போயிடுவேன். சூடாச் சாப்பிடணும்."

"பாட மாட்டன்" என்றார்.

அன்றைக்கு என் கை ஒரு பிசகும் செய்யவில்லை. அந்தச் சமையலறையில் கமலம் எங்கே என்ன வைத்திருப்பாள் என்று என் கைக்கே தெரிந்திருந்தது. தாளைப் பிரித்து இரண்டு நிமிடம். எடுத்தேன். ஓடு மொறுமொறுத்தது. இடுப்பு வெடிப்பில் கட்டைவிரலை வைத்ததும் இரண்டாகப் பிளந்துகொண்டு ஆவி விட்டது. வெண்ணெய் வைத்த இடத்தில் உருகி உள்ளே போனது. இது பழசு என்று அந்த ஐரிஷ் கன்னியாஸ்திரி எழுந்து வந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். நிஜமாகவே, இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

"அண்ணே, சீக்கிரம்!"

அவர் தட்டை வாங்கினார். மேசைக்குப் போகவில்லை, கூடத்துக்குப் போனார்.

"அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

"சத்தம் போடாதேங்கோ டீச்சர்."

படத்துக்கு முன்னால் தட்டை வைத்தார். விளக்கைத் தொடவில்லை, கையும் கூப்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், எதிரில் ஒருவர் சாப்பிடும்போது பேச்சுத் துணைக்கு உட்காருவோமே, அப்படி.

"சுடச்சுட இருக்கு. சாப்பிடு" என்றார்.

முதலில் ஆவி தெரிந்தது. பிறகு கொஞ்சமாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அவர் தட்டைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்வதறியாமல் சமையலறைக்குத் திரும்பி, தட்டங்களைக் கழுவி, தாளை மடித்து, ஓவன் கதவைத் துடைத்து வைத்தேன்.

எல்லாம் ஒதுக்கி முடித்த பிறகுதான் அவர் வந்தார், கையில் தட்டோடு. மேசைநாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. என்னைத் தாண்டி வந்து, தொட்டியருகே நின்றார். நின்றபடியே அந்த ஸ்கோனைத் தின்ன ஆரம்பித்தார். ஒரு பாதி, பிறகு மற்றப் பாதி. அவசரப்படவில்லை. தாடை வலித்திருக்க வேண்டும், இடையில் ஒருமுறை நிறுத்திக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

விழுங்க அவருக்கு நேரமானது.

"இறுகிப்போச்சு" என்றார். தட்டில் உதிர்ந்து கிடந்த துகள்களை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

நான் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினேன்.